வாயிலில் தமிழ், உள்ளே ஆங்கிலம்!

தமிழ்நாட்டரசின் பொறியியற் பணிக்குத் தேர்வெழுத வரும் இளைஞனை நோக்கி ஆட்சி முதற்கண் கேட்பது, "உனக்குத் தமிழ் தெரியுமா?" என்பதே. தெரியும் என்று அவன் மெய்ப்பித்துக் காட்டியபின் அடுத்து அது சொல்வதோ, "நன்று, அதை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா!" என்பது.

இது மிகையுரையன்று. 2021ஆம் ஆண்டுத் திசம்பரில் வெளிவந்த அரசாணை, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாளைக் கட்டாயமாக்கியது. பொறியியற் பணித்தேர்வில் அத்தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில் 100 வினாக்களும் 150 மதிப்பெண்ணும் கொண்டது. அதில் நூற்றுக்கு நாற்பது, அஃதாவது 60 மதிப்பெண் பெறாதவரின் பிற தாள்கள் மதிப்பிடப்படா. தமிழறியாதார் தமிழ்நாட்டு அலுவலகங்களில் வந்தமர்வதைத் தடுக்கும் வேலி என்ற அளவில் அதனை நாமும் வரவேற்றோம். ஆயின் அவ்வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்தபின் காண்பது யாது? பட்டப்படிப்புத் தரத்துப் பொறியியற் பாடத்தாள், 200 வினாக்கள், 300 மதிப்பெண். வேலை கிடைப்பதும் கிடையாமற் போவதும் பெரும்பாலும் இத்தாளையே பொறுத்தது. இத்தாளின் வினாக்கள் ஆங்கிலத்தில் மட்டுமே! பொதுவறிவு வினாக்கள் இரு மொழியிலும் வரும். தமிழ்த் தகுதித் தாளின் மதிப்பெண்ணோ தரவரிசையிற் சேராது. 2024 முதல் இத்தேர்வு ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித்தேர்வு என்னும் பெயரில் நடைபெறுகின்றது. பெயர் மாறிற்று, பாடத்தாளின் மொழி மாறவில்லை.

எனவே ஆட்சியாளர் கருத்தில் தமிழ் என்பது ஒருவன் யார் என்று அடையாளங் காட்டும் சீட்டு. அதுகொண்டு எண்ணவும் அளக்கவும் கட்டவும் இயலும் என்னும் நம்பிக்கை அவர்க்கு இல்லை. நாம் எதிர்ப்பது இவ்வெண்ணத்தையே.

இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிற் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கப்பெற்றன. அதே ஆண்டில், தமிழ்வழியிற் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டமும் இயற்றப்பெற்றது. பின்னர், பள்ளியிலிருந்தே தமிழ்வழியிற் பயின்றிருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் இறுக்கவும் பட்டது. சரி, அவ்வாறே பள்ளி தொட்டுப் பட்டம் வரை தமிழிலேயே பயின்ற ஒருவன் தமிழ்வழிச் சான்றைக் கையிற் பிடித்துக்கொண்டு தேர்வறைக்குள் வருகின்றான். அவனுக்குத் தரப்படும் பாடத்தாள் எம்மொழியில்? ஆங்கிலத்தில்! தமிழிற் படித்தாய் என்பதற்காக உனக்கு முன்னுரிமை. ஆனால் தமிழிற் படித்ததைத் தமிழிற் காட்ட உனக்கு உரிமையில்லை! ஒரு கையாற் சோற்றை வைத்து மறு கையால் இலையை இழுப்பது இதுவன்றோ?

இலையை இழுத்தபின், "உண்பாரில்லை" என்று அடுப்பை அணைக்கவும் முற்பட்டனர். 2023 மேத் திங்களில், 11 உறுப்புக் கல்லூரிகளிற் கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் வகுப்புகளைத் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஆகிய இரண்டிலும் நிறுத்தப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. மாணவர் சேர்க்கை குறைந்ததே கரணியம் என்றனர். எதிர்ப்புக் கிளம்பவே அவ்வறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. தமிழ்வழியிற் சேர்க்கை ஏன் குறைகின்றது? பட்டம் பெற்றபின் எழுத வேண்டிய தேர்வெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கையில், எந்தத் தந்தை தன் மகளைத் தமிழ்வழியிற் சேர்ப்பான்? பாலத்தின் ஒரு கரையை மட்டும் கட்டிவிட்டு, யாரும் நடந்து செல்லவில்லை என்று குறைகூறும் பொறியாளனை எந்த ஊரும் வைத்துக்கொள்ளாது. கல்வித்துறையில் மட்டும் அத்தகையோர் நிலைக்கின்றனர்.

நடுவணரசின் கதை தனி. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான இணை நுழைவுத்தேர்வை 2021 முதல் தமிழுட்பட 13 மொழிகளில் எழுதலாம். அதே ஆண்டில் எட்டு மொழிகளிற் பொறியியல் கற்பிக்கவும் ஒப்புதல் தந்தனர். அவற்றுள்ளும் தமிழ் உண்டு. ஆனால் பட்டம் முடித்தோர் எழுதும் 'கேட்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியற் பணித்தேர்வும் அவ்வாறே. வினாவும் ஆங்கிலம், விடையும் ஆங்கிலத்திலேயே எழுதப்படல் வேண்டும். உள்ளே போகப் பதின்மூன்று கதவுகள். வெளியே வர ஒரே சந்து! வழக்கறிஞர் தொழிலுக்கு உரிமந் தரும் அனைத்திந்தியத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஊர்தி ஓட்டப் பழகுநர் உரிமத்துக்கும் தமிழில் விடையளிக்கலாம். ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் சிறையினின்று மீட்கவும் வழக்காடுவதற்குப் போதுமான மொழி, ஒரு தூணின் குறுக்களவைக் கணக்கிடப் போதாதாம்!

இனித் தென்காசிக்கு வருவோம். இவ்வழக்கை விளக்க அதனினும் ஏற்ற ஊரில்லை. (தென்காசி என்னும் பெயரே வடகாசியின் நிழலில் நிற்பது பற்றி நமக்கு வருத்தமுண்டு. ஆனால் பக்கத்திலேயே சம்பந்தர் பாடிய குறும்பலாவின் குற்றாலம் இருக்கின்றதே என்று ஆறுதல் கொள்வோம். அதையும் ஆங்கிலப் பலகைகள் 'கோர்ட்டல்லம்' ஆக்கிவிட்டன.)

தென்காசிக் கோபுர வாயிலில் நின்றவர் யாவரும் அங்கு வீசும் காற்றை அறிவர். செங்கோட்டைக் கணவாய் மேற்குக் கடற்காற்றுக்குத் திறந்துவிட்ட மலைவாயில். அக்காற்றை நம்பியே இன்று சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் காற்றாலைகள் சுழல்கின்றன. அவ்வழியில், பதினைந்தாம் நூற்றாண்டிற் பாண்டியன் எடுத்த கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் நிற்கின்றது. சிதைந்து மொட்டையாய் நெடுங்காலம் கிடந்து, 1990இல் மீண்டும் எழுந்து நிறைவுற்றது. உயர்ந்த கட்டடத்தின் மேற் காற்று தரும் சுமையைக் கணக்கிடுக என்பது கட்டடப் பொறியியல் தேர்வுகளிற் கேட்கத்தக்க வினா. அதற்குரிய இந்தியத் தர நெறிநூல் 875 எண்ணுடையது. மூன்றாம் பகுதி, 2015ஆம் ஆண்டுப் பதிப்பு. பாண்டியனின் கட்டடக் கலைஞன் அவ்வினாவுக்குக் கல்லால் விடை எழுதினான். அவன் கையிலிருந்த தூக்குக்குண்டும் முழக்கோலும் இன்றும் கொத்தனார் கையில் அதே பெயரோடு உள்ளன. அவன் வழித்தோன்றல் அக்காற்றைப் பற்றித் தன் மொழியில் ஒரு வரி எழுதினால், அதைத் திருத்த ஆணையத்தில் ஆளில்லை.

நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. குற்றால மலையிற் பிறக்கும் சிற்றாறு, சீவலப்பேரியருகே பொருநையொடு கலக்கும் வரை தலையணை, அடிவெட்டான்பாறை, வாழ்விலாங்குடி, புலியூர், பாவூர், மாறாந்தை, வீராணம், மானூர் என ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கட்டுகளைக் கடந்து, கால்கள் வழியே குளங்களை நிரப்பிச் செல்கின்றது. ஒவ்வோர் அணையும் ஒரு பாடம். நாளிதழ்கள் மழைக்காலத்தில் நாள்தோறும் கடனா 85 அடி, இராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி, அடவிநயினார் 132 அடி என்று அணைகளின் முழுக் கொள்ளளவு உயரத்தையும், நீர் இருப்பையும், வரத்தையும், வெளியேற்றத்தையும் கன அடிக் கணக்கில் அச்சிடுகின்றன. தேநீர்க்கடையில் அமர்ந்து அதைப் படிக்கும் உழவர் நீரியற் பாடத்தைத் தமிழிற் படித்துக்கொண்டிருக்கின்றார். அவ்வணையைக் காக்க வரும் இளம் பொறியாளரைத்தான் அப்பாடத்தை ஆங்கிலத்திற் படித்து வருமாறு அனுப்பியிருக்கின்றோம்.

இலஞ்சிப் பக்கத்து உழவர் குடியிற் பிறந்த பெண்ணொருத்தி, தென்காசியிலுள்ள படிப்பகம் ஒன்றில் இத்தேர்வுக்கு அணியமாகிக்கொண்டிருந்தாள். வைகறையில் வந்து விளக்கணைக்கும் வரை இருப்பவள். முன்னே கொழுத்த ஆங்கில வழிகாட்டி நூல்கள் மூன்று. அகன்ற முகட்டு வழிகாலின் பாய்வுக் கணக்கை அவள் ஆங்கிலத்தில் முணுமுணுத்து உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, உங்கள் ஊர்க் குளம் நிரம்பினால் மிகுநீர் எவ்வழியே வெளியேறும்?" என்று கேட்டேன். "மறுகால் வழியே, ஐயா" என்றாள். "நீ இப்போது படிப்பது எதைப் பற்றி?" சிறிது நேரம் நூலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "இதுவும் மறுகால்தானா, ஐயா?" என்றாள். நான்காண்டு கல்லூரியிற் பயின்ற பெண்! அறிவிற் குறைந்தவளல்லள், கணக்கை நொடியிற் போட்டாள். அவள் படித்த நீரும் அவள் ஊர் நீரும் ஒன்றே என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவே.

அக்கணக்கைத் தமிழிற் சொல்லிப் பார்ப்போம். மறுகாலில் வழியும் நீரின் அளவு, மறுகாலின் நீளத்துக்கு நேர்விகிதத்திற் கூடும். முகட்டின் மேல் நிற்கும் நீரின் உயரம் கூடினாலோ வழிவது அதனினும் விரைந்து கூடும்: உயரத்தையும் அதன் இருமடி மூலத்தையும் பெருக்கிய அளவில். எனவே ஓரடி உயரத்தில் வழிந்துகொண்டிருந்த நீர் நான்கடி உயர்ந்துவிட்டால், வழிவது நான்கு மடங்கன்று, எட்டு மடங்கு. கரை உடைவதற்கு முன் ஊரார் அறிய வேண்டிய உண்மை இது. இதைச் சொல்ல எந்த ஆங்கிலச் சொல் வேண்டியிருந்தது? மறுகால், கலிங்கு, மதகு, மடை, தூம்பு, கால், தாங்கல் என்று நீரை ஆளும் சொற்களைக் குவித்து வைத்திருக்கும் மொழிக்கு நீரியற் சொற்பஞ்சம் என்று கூறுவோர், ஆற்றங்கரையில் நின்று நாவறண்டு சாகின்றவர்.

2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த காட்டாற்று வெள்ளம், பதினேழு அகவை மாணவன் ஒருவனை அடித்துச் சென்று கொன்றது. அவ்விழப்புக்கு மொழியே கரணியம் என்று கூறும் அறிவிலிகள் அல்லேம் நாம். ஆனால் மலையுச்சியில் இத்துணை மழை பெய்தால் அருவிக்கு வெள்ளம் எத்துணை நேரத்தில் வந்துசேரும் என்பதைக் கணக்கிடுவது பொறியாளர் பணி. கணக்கிட்டதைக் கடைக்காரர்க்கும் காவலர்க்கும் குளிக்க வந்தவர்க்கும் நொடியிற் புரியுமாறு சொல்வதும் அவர் பணியே. இரண்டாவது பணியைத் தமிழிலன்றிச் செய்யவொண்ணாது. அப்படியிருக்க, அவரைத் தெரிந்தெடுக்கும் தேர்வில் 200 வினாக்களுள் ஒன்றேனும் தமிழில் இல்லையெனின், அத்தேர்வு எதைத் தெரிந்தெடுக்கின்றது?

"ஆங்கிலமின்றிப் பொறியாளன் வெளிநாடு செல்வதெப்படி?" என்று உடனே கேட்பர். வெளிநாடு செல்வோன் அரசுப் பணியாளர் தேர்வை ஏன் எழுதுகின்றான்? இது கடையநல்லூரிலும் சங்கரன்கோயிலிலும் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் ஆள் தேடும் தேர்வு. ஆங்கிலம் கற்க வேண்டா என்று நாம் கூறவில்லை. நெறிநூல்கள் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை கற்றுத்தான் தீர வேண்டும். "கலைச்சொற்கள் ஒருநிலைப்படவில்லையே" என்பது அடுத்த தடை. இதில் ஓரளவு உண்மையுண்டு. தகைவு என்பார் ஒருவர், அழுத்தம் என்பார் இன்னொருவர். அதற்கு மருந்து, வினாவைத் தமிழில் தந்து பக்கத்தில் ஆங்கிலத்தையும் அச்சிடுவதே. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியற் பொதுத்தேர்வில் ஆண்டுதோறும் செய்வதை, நான்காண்டு கழித்துச் செய்யக் கை நடுங்குவானேன்?

பிற நாட்டார் என் செய்தனர்? அமெரிக்காவிற் பொறியாளர் உரிமம் பெற விழைவோர் முதற்படியாக எழுதும் அடிப்படைப் பொறியியல் தேர்வில் 110 வினாக்கள். வாய்பாடுகள் அடங்கிய கைந்நூல் தேர்வறையிலேயே கணித்திரையில் தரப்படுகின்றது. உருப்போட்டதை ஒப்பிக்க வேண்டியதில்லை. பயன்படுத்தத் தெரிகின்றதா என்பதே ஆய்வு. தம் நாட்டு மொழியிற் கேட்பதால் அவர்க்கு அது இயல்கின்றது. 1957இற் சட்டமியற்றித் தொழிற்பொறியாளர் தகுதியை நிறுவிய சப்பான், அதன் தேர்வுகளைச் சப்பானிய மொழியிலேயே நடத்துகின்றது. கனடாவின் குயிபெக்கு மாநிலம் 1977இல் இயற்றிய பிரெஞ்சுமொழிச் சட்டப்படி, தொழிலுக்குப் போதிய பிரெஞ்சறிவு இல்லாதார்க்குப் பொறியாளர் முதலிய தொழிற்குழுக்கள் உரிமம் வழங்கலாகாது.

இவையனைத்தினும் நாம் நெஞ்சிற் பதிக்க வேண்டியது ஐபா நகரத்து நிகழ்ச்சி. அங்கு யூதர்க்கெனத் தொழில்நுட்பக் கல்விக்கூடம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1913இல், அதன் ஆட்சிக்குழு அறிவியற் பாடங்களைச் செருமன் மொழியிற் கற்பிக்க முடிவுசெய்தது. எபிரேயத்தில் அறிவியற் சொற்கள் இல்லை என்பதே அவர்கள் கூறிய கரணியம். அன்று எபிரேயம், நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டுமே வாழ்ந்து, பேச்சுக்கு அப்போதுதான் மீண்டு வந்துகொண்டிருந்த மொழி. ஆசிரியரும் மாணவரும் வகுப்பைத் துறந்து வெளியேறினர். மறு ஆண்டின் தொடக்கத்தில் ஆட்சிக்குழு பணிந்தது. உலகப்போர் முடிந்து 1924இல் அக்கூடம் திறந்தபோது, எபிரேயமே பயிற்றுமொழி. நேற்று எழுந்த மொழி இதைச் செய்தது. என்றும் வீழாத மொழியினராகிய நாம் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வரிசையில் நிற்கின்றோம்!

நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கந் தொடங்கிய 1916இலேயே, சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஓர் இதழ் தொடங்கப்பெற்றது. அதைத் தொடங்கியோருள் ஒருவர், பின்னாளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கித் தமிழரின் பகையைத் தேடிக்கொண்ட இராசாசி என்பது காலத்தின் நகைச்சுவை. பொதுப்பணித்துறைப் பொறியாளராய் இருந்துகொண்டே தொல்காப்பியத்தை ஆராய்ந்த பா.வே. மாணிக்கனாரை இன்றைய பொறியாளருள் எத்துணைப் பேர் அறிவர்? நெல்லையில் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கத்தின் வழியே இ.மு. சுப்பிரமணியனார் பாடுபட்டதன் பயனாகக் கலைச்சொற் பொத்தகம் 1938இல் வெளிவந்தது. நீரியல் வல்லுநர் வா.செ. குழந்தைசாமியாரோடு எழுத்துச் சீர்திருத்தத்தில் நமக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. ஆயினும் ஆற்றுவெள்ளக் கணக்கில் உலகறிந்த அவர் அறிவியலைத் தமிழில் எழுதினார் என்பதை மறுப்பது நேர்மையாகாது. அனைத்துக்கும் மேலாக, செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை 1974 முதல் இயக்கிய மொழிஞாயிறு பாவாணர் 1902இற் பிறந்தது இதே தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோயிலில்!

பாவாணர் பெயரைச் சொல்லும் அன்பர் சிலரிடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. மேடையில் ஒரு பொருளுக்கு ஐந்து சொல் படைத்துக் கைதட்டல் பெறுவது எளிது. ஆயிரம் பொறியியல் வினாக்களைத் தமிழில் எழுதி, விடையுங் கண்டு, பிழையறத் திருத்தி, அச்சிட்டு, படிப்பகத்திலிருக்கும் அப்பெண்ணின் கையிற் கொடுப்பது கடிது. அவள் மேசைமேல் இருந்த மூன்று நூல்களும் ஆங்கிலமாய் இருந்தமைக்கு ஆட்சி மட்டும் பொறுப்பன்று. தமிழில் ஒன்று இருந்திருந்தால் அவள் வாங்கியிருப்பாள்.

ஆகவே இரண்டு செயல்கள். ஆணையத்துக்குத் தனித்தனியே மடல் எழுதுக, தமிழிலேயே எழுதுக. பொறியியற் பாடத்தாளை அடுத்த அறிவிப்பிலேயே இருமொழியில் அமைக்கவும், அதற்கான கலைச்சொற் பட்டியலைத் தேர்வுக்கு ஆறு திங்கள் முன்னதாக வெளியிடவும், வாய்பாட்டுக் கைந்நூலைத் தேர்வறையில் வழங்கவும் கேளுங்கள். தமிழ்வழிச் சான்றுடையோர் தம் சான்றின் படியையும் உடன் இணைக்க.

அடுத்து, தென்காசி வட்டாரத்துப் பொறியியல் மாணவர்கட்கு. விடுமுறையில் அருவிக்குப் போகுமுன், தலையணையிலிருந்து சீவலப்பேரி வரை சிற்றாற்றின் கரையில் நடந்து, நீர்ப்பாய்ச்சிகளிடமும் கொத்தர்களிடமும் அணை, மடை, மறுகால் பற்றிய சொற்களைக் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரான ஆங்கிலச் சொல்லையும் உங்கள் பாடநூற் பக்க எண்ணையும் குறித்து வருக. கார் நடவு தொடங்கிவிட்டால் நீர்ப்பாய்ச்சிகட்குப் பேச நேரமிராது. வைகாசிக்குள் முடித்தல் வேண்டும்.